பத்துமலை ஒளிக்கீற்று: 25 பிரதி என்றால் 25 தான்

மலேசியாவின் பத்துமலைக் குகையின் மேல்திறப்பு வழியாக இறங்கும் ஒளியைப் படமெடுத்து, எண்ணிட்ட பிரதிகளாக விற்கும் நண்பர்கள் கவனத்துக்கு.

25 பிரதி என்று அறிவித்தால் 26-ஆவது கிடையாது. வாங்குகிறவர் அந்த வாக்கை நம்பித்தான் பணம் தருகிறார். பிறகு வேறு அளவில் அச்சிடும் எண்ணம் இருந்தால் படத்தோடு தரும் சான்றிதழிலேயே எழுதிவிடுங்கள். எண்ணும் கையெழுத்தும் படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில், பென்சிலில்: 7/25, அதாவது 25-இல் ஏழாவது பிரதி. பேனா மை பருத்தித் தாளில் கசியும், நாளாக வெளிறும்.

ஏ2 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4960 x 7016 பிக்சல் வேண்டும். அமிலமில்லாத பருத்தித் தாள், பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த, எளிதில் வெளிறாத மை). குகைப் படத்தில் பெரிய சிக்கல் நிழல்தான். திரையில் தெளிவாகத் தெரியும் சுண்ணாம்புப் பாறையின் மடிப்புகள் பளபளப்பில்லாத மேட் தாளில் ஒரே கருப்பாக அடைத்துக்கொள்ளும். நிழல் பகுதியில் ஒரு துண்டை மட்டும் முதலில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து, கணினியில் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள்.

அச்சிட்டதும் 24 மணி நேரம் காயட்டும். அவசரப்பட்டுச் சட்டமிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் மங்கல் படியும். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையோடு உரியும். இடையில், படத்தைச் சுற்றி வைக்கும் 2 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை போதும்.

பலர் சாமி மேடைக்கு நேர் மேலே மாட்டுகிறார்கள். பக்தி புரிகிறது. ஆனால் சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் சட்டத்தின் இடுக்கில் புகுந்து அந்த வெள்ளை ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்; கும்பிட்டுத் திரும்பும்போது அந்த ஒளி கண்ணில் படும்.