முற்றல் வெண்டைக்காயும் திரும்பி நின்ற 'ட'வும்

நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் சில பிள்ளைகள் தீர்மானித்துவிடுகிறார்கள்: "எனக்கு வரைய வராது டீச்சர்." ஓவிய நேரத்தில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்ப்பதும், போட்ட கோட்டை அழித்து அழித்துத் தாளைக் கிழிப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களை மனதில் வைத்துத்தான் காய், இலை அச்சு வேலையை வகுப்பில் தொடங்கினேன். இதில் அழிக்க ஒன்றுமில்லை. சாயம் தொட்டு, அழுத்தி, எடுத்தால் தாளில் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். அதைப் பார்த்ததும் அடுத்ததை எங்கே வைப்பது என்று கை தானாகவே தேடும்.

ஆனால் சாப்பிடும் பொருளைச் சாயத்தில் தோய்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காலையிலும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிடும் பிள்ளைகள் இவர்கள். அவர்கள் கண்முன்னே நல்ல காயைப் பாழாக்கக் கூடாது. சத்துணவு சமைக்கும் அக்காவிடம் கேட்டேன். "முத்தல் வெண்டக்கா கெடக்கு டீச்சர், கொழம்புக்கு ஆவாது, எடுத்துக்குங்க" என்று ஒரு தட்டு நிறையக் கொடுத்தார். பார்த்தால், அச்சுக்கு முற்றல்தான் வாகு. பிஞ்சு வெண்டைக்காயின் வழுவழுப்பில் சாயம் பிடிக்காது, அழுத்தினால் நசுங்கியும் போகும். முற்றியது விறைப்பாக நிற்கும், அறைகளின் சுவர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதியும். காம்புப் பக்கம் பிடிக்க இடம் விட்டு நறுக்கி, பழந்துணியால் ஒற்றி, சற்று உலர விட்டால் போதும். விதைகளைக் குச்சியால் நெம்பி எடுத்தால் பூ இன்னும் துலக்கமாக விழும்.

வாழைமட்டைக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. குறுக்கே வெட்டினால் பிறை வடிவமும் அதற்குள் வரிசையாகக் காற்றறைகளும் தெரியும். பூவரசு இலை என்றால் அடிப்புறத்தில் சாயம் தடவ வேண்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். போஸ்டர் கலர் இட்லி மாவுப் பதத்தில் இருக்கட்டும். அதை ஸ்பாஞ்சில் ஊறவிட்டுத் தொட்டால் அளவாக ஏறும். தாளுக்கு அடியில் மடித்த செய்தித்தாள் ஒன்று. மற்றதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உருளைக்கிழங்கு நாள். முளைவிட்டுச் சுருங்கிய கிழங்குகளை நான் பாதியாக வெட்டிக் கொடுத்துவிடுவேன். கத்தி அவர்கள் கைக்குப் போகாது. ஐஸ்கிரீம் குச்சி முனையால் அவரவர் பெயரின் முதல் எழுத்தைக் குடைய வேண்டும். ஒரு பெண் 'ட' குடைந்தாள், அவளுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் அந்த எழுத்தில் தொடங்கும். தாளில் அழுத்தி எடுத்தால் நிமிர்ந்த கோடு வலப்பக்கம் போய் நின்றது. "நான் சரியாத்தான் வெட்டினேன் டீச்சர்!" பக்கத்தில் 'ப' குடைந்த பையனுக்கோ அப்படியே வந்திருந்தது. இரண்டு கிழங்கையும் இரண்டு தாளையும் ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஈரத் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்தாள். அங்கே 'ட' சரியாக இருந்தது. அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தே புதுக் கிழங்கில் திருப்பி வெட்டினாள். அதற்குள் வகுப்பு முழுக்க எந்த எழுத்து திரும்பும், எது திரும்பாது என்று பலகையில் எழுதிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலத்தில் 'O', 'T', 'M' என்று நிறையவே கிடைத்தன. தமிழில் 'ப'வைத் தாண்டுவது சிரமமாக இருந்தது.

தரங்கம்பாடியைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கோட்டையைப் பார்க்க எல்லோரும் போயிருக்கிறார்கள். அதே ஊரில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த விவிலியத்தின் புதிய ஏற்பாடு 1715-இல் முழுதாக அச்சாகி முடிந்தது. அதற்கும் முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ நூல் தமிழில் அச்சாகிவிட்டது. அந்த ஈய எழுத்துகளை வார்க்க, ஒவ்வொன்றின் மூல வடிவத்தையும் யாரோ ஒருவர் திருப்பித்தான் செதுக்கியிருக்க வேண்டும் என்றேன். "எல்லா எழுத்தையுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சற்றுமுன் ஒரே ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டியவள் அல்லவா, அவளுக்குத்தான் அந்த வேலையின் கனம் புரிந்தது.

பார்வையிட வருகிறவர்களுக்குச் சுவரில் மயில் வேண்டும், பூங்கொத்து வேண்டும். ஆசிரியர் பென்சிலால் மயில் போட்டுக் கொடுத்து, பிள்ளைகள் வெண்டைக்காயால் தோகையை நிரப்புவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகுதான். ஆனால் அதில் பிள்ளை முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? என் வகுப்பில் முன்கோடு போட்டுத் தருவதில்லை. வரைய வராது என்று ஒதுங்கியிருந்த ஒரு பையன், ஒருமுறை சாயம் தொட்டால் மூன்று நான்கு அச்சு விழும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வெளிறும் என்று தானே கண்டுகொண்டான். வெளிறியவற்றைத் தாளின் மேல் பக்கமும் அழுத்தமானவற்றைக் கீழேயும் வைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மேல இருக்கறது தூரத்துல இருக்கு டீச்சர்" என்றான். தூரத்தைக் காட்ட நான் அதுவரை வகுப்பில் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவன் தாளைத்தான் சுவரின் நடுவில் ஒட்டினேன்.

அடுத்த பருவத்தில், அறுந்த ஹவாய் செருப்பின் அடியை வெட்டி நாள்பட உழைக்கும் அச்சுகள் செய்யப் போகிறோம். பிளேடு பிடிப்பது நான். எழுத்துகளைத் திருப்பி வரைந்து தருவது அவர்கள் பொறுப்பு.