உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை: காட்டுப்பாதைக்கு எந்தச் செருப்பு?

கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண காட்டுக்குள் காலடி வைத்தால், கதிர்காமம் சேரும்வரை செருப்புக் கடை கிடையாது. நாலு நாளோ ஆறு நாளோ, காலில் மாட்டியிருப்பதுதான் துணை. நடுக்காட்டில் பட்டி அறுந்தால் முள்ளும் சுடுமணலும் நேரே உள்ளங்காலுக்கு வரும். அரிசி, பருப்பு, கற்பூரம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே யோசித்துச் சேர்க்கும் ஆக்கள்கூடச் செருப்பை மட்டும் புறப்படும் கிழமை வாங்குகிறார்கள். அது மாற வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் பாதையைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்தோ மண்டூரிலிருந்தோ நடந்து வருபவர்களுக்குப் பொத்துவில் வரை தார் ரோட்டு. பாணமை கழிந்தால் கிறவலும் மணலும். உகந்தைக்கு அப்பால் பொடி மணல், காய்ந்த சேற்றுக் கட்டி, இலந்தையும் விடத்தலும் உதிர்த்த முள், பிறகு குமுக்கன் ஆற்றுத் தண்ணீர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வேறு. தார்ச் சூடு சோலை ஒட்டிய கம்மை, அதாவது பசையை, இளக்கும். கிறவல் சோலைத் தேய்க்கும். மணல் பட்டிக்கும் தோலுக்கும் நடுவே புகுந்து அரம் போல அராவும். தண்ணீர் பட்டதும் இளகிய கம் வாய் பிளக்கும். இந்த நாலையும் தாங்குவதைத்தான் தேட வேண்டும்.

கடையில் எல்லோரும் சோலைத் திருப்பி அதன் தடிப்பைப் பார்க்கிறார்கள். ஆனால் சோல் தேய்ந்து ஓட்டையாகிப் போன செருப்பைவிட, சோல் நன்றாக இருக்கப் பொருத்து விட்டுப்போன செருப்புத்தான் மிக அதிகம். ஆகவே பொருத்தைப் பாருங்கள். பட்டி சோலின் ஓரத்தில் வெறும் கம்மால் ஒட்டப்பட்டிருந்தால் அதை வைத்துவிடுங்கள். பட்டி சோலுக்குள் துளை வழியே இறங்கி அடியால் சுற்றி வந்தால், அல்லது இரண்டு தட்டுச் சோலின் நடுவே ஆழமாகப் புகுந்து தைக்கப்பட்டிருந்தால் நல்லது. ஒரு கையால் சோலைப் பிடித்து, மறு கையால் ஒவ்வொரு பட்டியையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அடியில் நூல் தெரிந்தாலோ, சோலின் விளிம்பு வாய் திறந்தாலோ வேண்டாம். அடுத்து முன்பகுதியை மடியுங்கள். பெருவிரல் அடியெலும்பு இருக்கும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் ஒவ்வோர் எட்டும் அந்த இடத்தை முறிக்கும், பாதமும் உளையும்.

சப்பாத்துத்தான் வேண்டும் என்பவர்கள், சோலைச் சுற்றித் தையல் ஓடியதாக எடுக்க வேண்டும். அந்த நூல் அடியில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் நூலைக் கிறவல் சீக்கிரம் அரைத்துவிடும். தையல் இல்லாத சப்பாத்து ஏற்கனவே வீட்டில் இருந்தால், தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்து வாங்குங்கள். நுனி விட்டிருந்தால் பழைய கம்மைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் மெல்லியதாகக் கம் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அமர்த்த வேண்டும். பூசிய உடனே ஈரமாக ஒட்டினால் பிடிக்காது. ஒட்டியபின் ஒரு முழு நாள் நடக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மச்சானோ அனுப்பிய விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்து நம் வீடுகளில் நிறைய உண்டு. "காட்டுக்குப் போகும்போது போடலாம்" என்று அலுமாரியில் ஐந்தாறு வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதுதான் மிகவும் ஆபத்தான சப்பாத்து. அவற்றில் பலவற்றின் நடுச்சோல் பொலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த எங்கள் கரையோரத்தில் அது இன்னும் வேகம். சும்மா வைத்திருந்தாலும் நடக்கும் சிதைவு இது. வெளியில் புத்தம் புதிதாகத் தெரியும், நடக்கத் தொடங்கிய அன்றே நடுச்சோல் புட்டுப் போல உதிர்ந்து அடித்தட்டுக் கழன்றுவிடும். நடுச்சோலின் பக்கத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். மெல்லிய வெடிப்பு விழுந்தாலோ, மா மாதிரி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அதற்குச் சிகிச்சை கிடையாது. கம் பூசினாலும் பிடிக்காது, ஏனென்றால் பிடிக்க வேண்டிய பொருளே செத்துவிட்டது. ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்த வியாதி இல்லை. அதன் குறை வேறு: நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், கடும் வெயிலில் வைத்தால் சுருங்கும்.

இந்தப் பாதைக்கு என் தெரிவு சப்பாத்து அல்ல, குதிப்பட்டி உள்ள சாண்டல். ஆற்றில் இறங்கும்போது கழற்றத் தேவையில்லை. அடியில் வேரும் கல்லும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் இது பெரிய விஷயம். கரையேறினால் தண்ணீர் வடிந்துவிடும். சப்பாத்து நனைந்தால் உள்ளே காய நாளாகும். ஊறிய தோல் லேசாக உரசினாலே கொப்புளிக்கும். பட்டியைப் பூட்ட ஒட்டும் வெல்க்ரோவைவிடக் கொளுவி (பக்கிள்) நல்லது. பொடி மணலும் ஒட்டுப்புல் விதையும் ஏறினால் வெல்க்ரோ பிடிக்காமல் போகும். வெல்க்ரோதான் கிடைத்தது என்றால் ஒரு பழைய பல்துலக்கியும் கொண்டு போங்கள், இரவில் துப்புரவாக்கலாம். பாட்டா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் செருப்பைத் தங்குமிடத்துக்கு இரண்டாவது சோடியாக வைத்துக்கொள்ளுங்கள். டயர்ச் செருப்பு முள்ளுக்கு நல்ல காவல், ஆனால் பாரம், மடியாது. கம்பி உள்ள டயரில் வெட்டியது என்றால் தேயத் தேய ஓரத்தில் கம்பி நீட்டும்.

முள்ளுக்குக் கனத்தைவிட இறுக்கம் முக்கியம். இரண்டு விரற்கடை நுரை இருந்தாலும் விடத்தல் முள் வெண்ணெயில் போவது போலப் போகும். அடியில் 4, 5 மில்லிமீற்றர் கெட்டி ரப்பர்த் தட்டு, அதன்மேல் நுரை என்று இரண்டு தட்டாக இருக்க வேண்டும். நகத்தால் குத்திப் பாருங்கள், நுரையில் அடையாளம் நிற்கும், ரப்பரில் நிற்காது. முள் ஏறினால் அன்றன்றே குறட்டால் பிடுங்குங்கள். இன்று பாதி வழியில் நிற்கும் நுனி நாளை காலைத் தொடும்.

அளவு பார்க்கப் பின்னேரம் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஒரு தாளில் நின்று, கொண்டுபோகும் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு பாதத்தையும் வரைந்து எடுத்துப் போங்கள். ஐந்து லீற்றர் தண்ணீரே ஐந்து கிலோ. பாரம் ஏறினால் பாதம் நீண்டு விரியும். அந்தத் தாளைச் செருப்பின் மேல் வையுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் மிச்சம் வேண்டும், சின்னவிரல் ஓரத்துக்கு வெளியே தள்ளக் கூடாது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் நடந்த எங்கள் ஆக்களின் பாதம் முன்பக்கம் அகலம். நம்பர் சரியாக இருந்தும் சின்னவிரல் நசிவது அதனால்தான்.

வாங்கியதை மூன்று கிழமை பழக்க வேண்டும். முதலில் கல்லடிக் கடற்கரையிலோ வட்டை வரம்பிலோ மூன்று கிலோமீற்றர், பிறகு எட்டு, கடைசியில் பாரத்தோடு பதினைந்து கிலோமீற்றர், அடுத்தடுத்து இரண்டு நாள். ஒரு தடவை செருப்பை நனைத்துவிட்டும் நடவுங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த இடத்தில் காட்டுக்குப் போகுமுன்பே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். மேசு போடுவதென்றால் பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்திருக்கும்.

பழுது பார்க்க ஒரு சொப்பின் பை போதும்: வளைந்த பெரிய ஊசி, மெழுகு தடவிய நைலோன் நூல், இரண்டு மீற்றர் மெல்லிய கயிறு, நாலு பெரிய காப்பூசி, குறடு. ரப்பர் செருப்பின் குமிழ் கழன்றால், அதைத் துளையால் இழுத்து அடியில் காப்பூசி ஏற்றிவிட்டால் ஓரிரு நாள் ஓடும். சோல் விட்ட சப்பாத்தைக் கயிற்றால் கட்டும்போது முடிச்சு மேலே வரட்டும். அடியில் முடிச்சு வந்தால் அறுந்துவிடும்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்த சாமிமாரை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் மன்றாட்டமாகச் சொல்கிறேன்: கால் மரத்திருந்தால் முள் ஏறியதே தெரியாது, சின்னக் காயமும் விரலைக் கொண்டு போகும். நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்ற வழி உண்டு. எல்லோரும் ஏற்பு ஊசி போட்டுப் பத்து வருடம் கழிந்துவிட்டதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருவர் காலை மற்றவர் பாருங்கள். கொப்புளத் தோலை உரிக்காதீர்கள்.

கழற்றிய செருப்பை நிலத்தில் விடாமல் கொப்பில் கொழுவி வையுங்கள், ஈரமும் காயும். சப்பாத்தின் வாயை மேசால் அடைத்துவிடுங்கள். விடியப்புறம் டோர்ச் அடித்துப் பார்த்து, கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் கால் உள்ளே போக வேண்டும். தேளுக்கும் அந்த இருட்டும் கதகதப்பும் பிடிக்கும்.