1970க்கு முன்னால் மழையே இல்லையா?

குன்னூர், அக்டோபர் 14

எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, 1954 முதல் எழுதி வைத்திருக்கும் மழைக் கணக்கு நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறார். அதைக் கிராஃப் படமாக வரைய, பைத்தான் மொழியில் யாரும் திருத்தக்கூடிய ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (புரோகிராம் தொகுப்பை) போட்டுக் கொடுத்திருந்தேன். இன்று போன். "என்ன மாப்ள, 1970க்கு முன்னாடி குன்னூர்ல மழையே பெய்யலையா?"

அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் படம் 1970இல்தான் ஆரம்பிக்கிறது. அதே ஃபைல் என் லினக்ஸில் 1954 முதல் வருகிறது. எர்ரர் எதுவும் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அக்டோபர் 15

கம்ப்யூட்டர்கள் நேரத்தை நொடிகளாக எண்ணும் யூனிக்ஸ் நேரம், 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் பூஜ்யம். அதற்கு முந்தைய நாளெல்லாம் மைனஸ் எண். லைப்ரரி தேதிகளை நொடிகளாக வைத்துக்கொண்டு, வரையும்போது பைத்தானின் ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் என்ற கட்டளை வழியாகத் திரும்பத் தேதியாக்குகிறது. விண்டோஸில் அது மைனஸ் எண்ணை ஏற்காது. லினக்ஸுக்கு அதில் பிரச்சினை இல்லை.

ஆனால் மாமாவின் படத்தில் முதல் புள்ளி ஜனவரி 2. ஜனவரி 1 எங்கே போனது? கொஞ்ச நேரம் குழம்பினேன். அப்புறம் பிடிபட்டது: நமக்கு நள்ளிரவு என்றால் யூடிசியில் முந்தைய நாள் மாலை 6.30. அதாவது −19800 நொடி. மழைமானியைப் பார்ப்பது காலை 8.30க்கு, ஆனால் ஃபைலில் தேதி மட்டும்தான் இருக்கிறது, அதனால் நள்ளிரவு என்றே கணக்காகிறது. நேரத்தையும் எழுதியிருந்தால் அது +10800 ஆகி, அந்த ஒரு நாள் தப்பித்திருக்கும்.

அக்டோபர் 17

மாமாவின் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எர்ரர் வரத்தான் செய்கிறது: ஓஎஸ்எர்ரர் 22, இன்வேலிட் ஆர்க்யூமென்ட். கோடில் அதைச் சுற்றி ஒரு டிரை (செய்து பார்), கீழே எக்செப்ட் (எர்ரர் வந்தால்), அதற்குள் வெறும் கன்டினியூ (அடுத்த வரிக்குப் போ). தேதியாக்க முடியாத வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போகிறது. எனக்குக் கோபமே வந்தது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். பதினைந்துக்கும் மேற்பட்ட வருடங்களின் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொலைத்துவிட்டு, படம் முழுமையானது போல நிற்கிறது. புரோகிராம் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அக்டோபர் 19

ஃபிக்ஸ் சின்னதுதான். ஃப்ரம்டைம்ஸ்டாம்பை விட்டுவிட்டு, யூடிசி 1970 தேதியோடு நொடிகளை டைம்டெல்டாவாக (கால இடைவெளியாக) கூட்டிவிட்டு, நேர மண்டலங்களைக் கையாளும் ஜோன்இன்ஃபோ வைத்து இந்திய நேரமாக்கினேன். லினக்ஸில் டெஸ்ட் பாஸ். விண்டோஸில் ஃபெயில்! ஏஷியா/கொல்கத்தா என்றொரு ஜோனே இல்லையாம். பைத்தான் எதிர்பார்க்கும் நேர மண்டலப் பட்டியல் விண்டோஸில் கிடையாது. அந்தப் பட்டியல் உள்ள டிஇசட்டேட்டா பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். அதையும் லைப்ரரிக்குத் தேவையானவற்றின் பட்டியலில் (டிபென்டன்சி) சேர்த்தேன். சரி, இப்போது இரண்டிலும் பாஸ்.

அக்டோபர் 23

பேட்ச் மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது என் திருத்தம் லைப்ரரியில் சேர்ந்துவிட்டது. கன்டினியூவை எடுத்தால் பழைய ஸ்கிரிப்டுகள் நின்றுபோகுமே என்று லைப்ரரியைப் பராமரிப்பவர் முதலில் தயங்கினார். நிற்கட்டும், தப்பான படம் வருவதைவிட அது மேல் என்று எழுதினேன். கடைசியில் வரி எண்ணோடு எர்ரர் காட்டி நிறுத்துவது என்று முடிவானது. டெஸ்டில் 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 இரண்டையும் சேர்த்தாயிற்று. இதுவரை இருந்த தேதிகள் எல்லாமே 2000க்குப் பிந்தையவை.

மாமாவின் படம் இப்போது 1954இல் தொடங்குகிறது. பழைய நோட்டுகளில் அங்குலம், பிந்தையவற்றில் மில்லிமீட்டர். எந்த நோட்டிலிருந்து மாறுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.