டெபியன் 13-க்கு மாறிய பின் ஒரே சர்வரில் குவிந்த லோடு: பட்டதும் பிடித்ததும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறு லோடு பேலன்சரில் (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பில்) இல்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. அதில் ஒன்றரை நாள் லோடு பேலன்சரைத்தான் நோண்டிக்கொண்டிருந்தோம்.

அமைப்பு சாதாரணமானதுதான். லோடு பேலன்சராக இரண்டு டைரக்டர்கள் (ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கவும், சர்வர்களைக் கண்காணிக்கவும் அவற்றில் கீப்அலைவ்டு ஓடும்), பின்னால் நான்கு வெப் சர்வர்கள், ஐபிவிஎஸ்-இல் (லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் லோடு பேலன்சர்) டைரக்ட் ரூட்டிங். இந்த முறையில் விஐபி, அதாவது பயனர்கள் வந்து இணையும் பொதுவான ஐபி முகவரி, டைரக்டரிலும் இருக்கும், ஒவ்வொரு சர்வரின் லூப்பேக்கிலும் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) /32 ஆக, ஒற்றை முகவரியாக, இருக்கும். உள்ளே வருவது டைரக்டர் வழியாக, பதில் சர்வரிலிருந்து நேராக வெளியே.

முதல் சர்வரை டெபியன் (லினக்ஸ்) 12-இலிருந்து 13-க்கு மாற்றிய அப்கிரேடு சிக்கலின்றி முடிந்தது. ரீபூட் செய்து மறுபடி க்ளஸ்டரில் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் அதன் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது. இன்னும் டெபியன் 12-இல் இருந்த மற்ற மூன்றும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. இணைப்பு பாதியில் அறுகிறது என்று புகார் வேறு. கண்காணிப்புத் திரையிலோ நான்குமே பச்சை.

இந்த இடத்தில் கை தானாக, எந்த இணைப்பு எந்தச் சர்வருக்கு என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பக்கம் போகும். ரவுண்ட் ராபினை வெயிட்டட் லீஸ்ட் கனெக்‌ஷனாக மாற்றினோம், பலனில்லை. முதல் சர்வரின் வெயிட்டை 0 ஆக்கினோம், அப்போதும் புது இணைப்புகள் வந்தபடியே இருந்தன. பொறி தட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான். வெயிட் 0 என்றால் டைரக்டர் புது ஆளை அங்கே அனுப்பாது. அப்படியும் வருகிறார்கள் என்றால் டைரக்டரைத் தொடாமலே வருகிறார்கள். பெர்சிஸ்டன்ஸ் (ஒருமுறை வந்தவரை மறுபடி அதே சர்வருக்கே அனுப்பும் வசதி) போட்டிருந்ததால், பழைய ஆட்கள்தான் திரும்ப வருகிறார்கள் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அதைவிடக் குழப்பியது கீப்அலைவ்டு. அதை ரீஸ்டார்ட் செய்தால் லோடு நான்காகப் பிரிந்து அழகாக ஓடும். சில நிமிடம் கழித்து பழைய குருடி கதவைத் திறடி. ஒரு ஐபி எந்த மேக் முகவரியில் (நெட்வொர்க் கார்டின் முகவரி) இருக்கிறது என்று கண்டறியும் முறைதான் ஏஆர்பி. கீப்அலைவ்டு மாஸ்டராகும்போது (பொறுப்பில் இருக்கும் டைரக்டராகும்போது) ‘இந்த விஐபி என்னிடம்தான்’ என்று யாரும் கேட்காமலே கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி அனுப்பும். ரூட்டரின் ஏஆர்பி பட்டியல் அதனால்தான் தற்காலிகமாகத் திருந்தியது. எங்களுக்கோ, கீப்அலைவ்டின் புதுப் பதிப்பில்தான் பிழை என்று தோன்றியது. நெட்வொர்க் குழுவைக் கேட்டால் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று ஒரு வரி பதில். ரூட்டரின் ஏஆர்பி பட்டியலை மட்டும் அனுப்பியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது இரண்டு சோதனைகளில். முதலாவது, டைரக்டரில் ஐபிவிஎஸ்ஏடிஎம் கட்டளையின் ஸ்டாட்ஸ் எண்ணிக்கையையும் முதல் சர்வரின் ஆக்சஸ் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. லாக் அருவியாகக் கொட்டுகிறது, டைரக்டரில் எண் அசையவே இல்லை. இரண்டாவது, அதே சப்நெட்டில் இருக்கும் வேறொரு மெஷினிலிருந்து விஐபிக்கு ஏஆர்பிங் (ஏஆர்பி கேள்வி அனுப்பிப் பார்க்கும் கட்டளை). டைரக்டரிலிருந்தோ அந்த நான்கு சர்வர்களிலிருந்தோ இதைச் செய்து பயனில்லை, அவற்றுக்கு விஐபி சொந்த முகவரி. இன்னொரு கண்ணியும் உண்டு. ஏஆர்பிங் முதல் பதில் வந்ததும் அந்த மேக் முகவரியோடு மட்டும் பேசத் தொடங்கிவிடும், அதனால் ஒரே ஆள்தான் பதில் தருவதுபோலத் தெரியும். ‘மைனஸ் பி’ (-b) ஆப்ஷன் கொடுத்து ஒவ்வொரு முறையும் பிராட்காஸ்ட் ஆக அனுப்பவைக்க வேண்டும். அப்படிச் செய்ததும் இரண்டு மேக் முகவரிகள் மாறிமாறி வந்தன. ஒன்று டைரக்டருடையது, மற்றது முதல் சர்வருடையது.

டைரக்ட் ரூட்டிங்கில் சர்வர்கள் விஐபிக்கான ஏஆர்பி கேள்விக்கு வாய் திறக்கக் கூடாது. அதற்கு இரண்டு கெர்னல் மதிப்புகள்: ஏஆர்பி இக்னோர் 1, ஏஆர்பி அனௌன்ஸ் 2. முதலாவது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது இல்லாவிட்டால், சர்வர் கேட்வேயின் மேக்கைத் தேடும்போது அனுப்புநர் இடத்தில் விஐபியைப் போட்டு அனுப்பிவிடும். ரூட்டர் அதைப் பார்த்துத் தன் பட்டியலை மாற்றிக்கொள்ளும். அந்த நொடியில் மற்ற மூன்று சர்வர்களோடு நடந்துகொண்டிருந்த இணைப்புகளும் முதல் சர்வரில் வந்து விழும். அதற்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, ரீசெட் அனுப்பும். பாதியில் அறுகிறது என்ற புகார் இதனால்தான்.

எங்கள் முதல் சர்வரில் இரண்டும் 0. ஆனால் கெர்னல் மதிப்புகளை எழுதிவைக்கும், இடிசி கோப்புறையில் இருக்கும் சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் 1, 2 என்று சரியாகவே எழுதியிருந்தது! டெபியன் 13-இல் பூட் ஆகும்போது, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. ரிலீஸ் நோட்ஸில் இது தெளிவாக இருக்கிறது. படிக்காதது எங்கள் தப்பு.

இதில், சர்வர் அமைப்புகளைத் தானாகச் செய்துதரும் அன்சிபிளும் சேர்ந்துகொண்டது. அதன் சிஸ்சிடிஎல் மாட்யூல், கோப்பின் பெயர் சொல்லாவிட்டால் அதே பழைய கோப்பில் எழுதி, எழுதியதும் ‘சிஸ்சிடிஎல் மைனஸ் பி’ (-p) மூலம் ஏற்றியும் விடும். ப்ளேபுக் (அன்சிபிளுக்கான கட்டளைக் கோப்பு) ஓடி முடிந்ததும் பார்த்தால் மதிப்பு சரியாக இருக்கும். அடுத்த ரீபூட்டில் காணாமல் போகும். அதனால் சரிபார்ப்பை எப்போதும் ரீபூட்டுக்குப் பிறகே செய்யுங்கள், அதுவும் கோப்பைத் திறந்து பார்த்தல்ல, கெர்னலைக் கேட்டு. தீர்வு சின்னதுதான்: சிஸ்சிடிஎல்.டி கோப்புறைக்குள் கான்ஃப் என்று முடியும் ஒரு தனிக் கோப்பில் அந்த வரிகளைப் போட்டு, ப்ளேபுக்கிலும் அந்தக் கோப்பின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பிறகு ரூட்டரின் பழைய ஏஆர்பி பதிவை நீக்கச் சொல்லுங்கள், அல்லது கீப்அலைவ்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்படியானால் ஹெல்த் செக் (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கீப்அலைவ்டு பார்க்கும் சோதனை) ஏன் பச்சை காட்டியது? அது சர்வரின் சொந்த ஐபியோடுதான் பேசும், விஐபியைத் தொடாது. டைரக்ட் ரூட்டிங்கில் விஐபி பக்கம் என்ன கெட்டாலும் ஹெல்த் செக்குக்குத் தெரியாது.

ஹெல்த் செக்கிலேயே தனியாக ஒரு அடியும் வாங்கினோம். அடுத்த சர்வரில் அப்ளிகேஷனையும் சேர்த்து அப்கிரேடு செய்ததும் கீப்அலைவ்டு அதை வெளியே தள்ளியது. காரணம், ஹெச்டிடிபி கெட் சோதனையில் டைஜஸ்ட் (பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) வைத்திருந்தோம். பக்கத்தின் அடியில் பதிப்பு எண் மாறியதால் டைஜஸ்டும் மாறிவிட்டது. அவசரத்தில் டிசிபி செக்குக்கு மாற்றியது அடுத்த தப்பு. போர்ட் திறந்தாலே உயிரோடு இருப்பதாக எண்ணி, இன்னும் தயாராகாத அப்ளிகேஷனுக்கு ஆட்களை அனுப்பியது. கடைசியில் டேட்டாபேஸ் வரை தொட்டுப் பார்க்கும் தனி முகவரி ஒன்று வைத்து, ஸ்டேட்டஸ் கோடு 200 வந்தால் மட்டும் ஏற்கும்படி செய்தோம்.

டைரக்டர்களை டெபியன் 13-க்கு ஏற்றும்போது அதே கோப்புப் பிரச்சினை வேறு முகத்தோடு வந்தது. வெயிட்டை 0 ஆக்கியும் சர்வர் காலியாகவில்லை. இந்த முறை உண்மையிலேயே பெர்சிஸ்டன்ஸ்தான். ‘எக்ஸ்பயர் குவயசன்ட் டெம்ப்ளேட்’ மதிப்பு 1 ஆக இருந்தால்தான் ஒட்டிக்கொண்ட ஆட்களின் புது இணைப்புகள் வேறு சர்வருக்குப் போகும். அது 0-வுக்குத் திரும்பியிருந்தது. வரியைப் புதுக் கோப்புக்கு மாற்றியும் ரீபூட்டில் ஏறவில்லை, ஏனென்றால் ஐபிவிஎஸ் மாட்யூல் லோடு ஆகும்வரை அந்த அமைப்பே கெர்னலில் இருக்காது. மாட்யூல்ஸ்-லோடு.டி கோப்புறையில் மாட்யூல் பெயரைப் போட்ட பிறகே நிலைத்தது.

மீதி இரண்டு சர்வர்களில் லூப்பேக்கில் விஐபி ஏற்றும் சர்வீஸையே கொஞ்சம் மாற்றினோம். இப்போது அது முதலில் அந்த இரண்டு ஏஆர்பி மதிப்புகளையும் கெர்னலிடம் கேட்கும். 1, 2 என்று வராவிட்டால் விஐபியை ஏற்றாமல் பிழையோடு நின்றுவிடும்.