தீபாவளிக்கு அப்புறம் பார்த்த இந்திப் படங்கள்

21 அக்டோபர் 2025, செவ்வாய்

நேற்று தீபாவளி அன்று அஸ்ரானி காலமாகிவிட்டார். 84 வயது. போனைத் திறந்தால் 'ஷோலே' ஜெயிலர்தான், ஹிட்லர் மீசையும் உருட்டும் விழியுமாக. அந்த ஒரு வேடத்துக்கே அவரை இன்னும் ஐம்பது வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள், சந்தேகமில்லை.

ஆனால் எனக்கு அஸ்ரானி என்றால் 'சுப்கே சுப்கே'. அதுவும் 1975இல் வந்ததுதான். தர்மேந்திரா, அமிதாப், ஜெயா, அஸ்ரானி, கேஷ்டோ முகர்ஜி என்று இத்தனை பேரும் அந்த ஒரே வருடத்தில் இரண்டு படத்திலும் இருக்கிறார்கள். ஒன்றில் குதிரையும் துப்பாக்கியும், இன்னொன்றில் பம்பாயில் ஒரு வீடு, ஒரு கார், ஒரு பொய். ஜெயிலராக அத்தனை ஆட்டம் போட்ட மனிதர் இங்கே நண்பனின் பொய்க்குத் துணை நிற்கும் பிரசாந்தாக வருகிறார், ஒரு சேட்டை கிடையாது, குரலைக்கூட உயர்த்துவதில்லை. குட்டு எங்கே உடைந்துவிடுமோ என்ற பதற்றம் மட்டும் முகத்தில் நிஜமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்து அங்கேயே நடிப்பு சொல்லிக் கொடுத்தவர். எவ்வளவு நடித்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த வாரம் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன், பார்த்ததை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

26 அக்டோபர், ஞாயிறு

நேற்று சதீஷ் ஷாவும் போய்விட்டார். ஒரே வாரத்தில் இரண்டு பேர். மனசு கேட்கவில்லை, ராத்திரியே 'ஜானே பி தோ யாரோ' போட்டுவிட்டேன்.

குந்தன் ஷாவின் முதல் படம், 1983. என்.எஃப்.டி.சி. என்ற அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம், ஏழு லட்சத்துக்கும் குறைவான செலவு. படத்தில் நசீருதீன் ஷா வைத்திருக்கும் கேமராவே அவருடைய சொந்தக் கேமரா. நசீரும் ரவி பாஸ்வானியும் ஸ்டூடியோ திறந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் இரண்டு போட்டோகிராபர்கள். நேர்மையாக உழைத்தால் முன்னுக்கு வந்துவிடலாம் என்று மனதார நம்புகிறவர்கள். பங்கஜ் கபூர் ஒரு பில்டர், ஓம் புரி அவருக்குப் போட்டி பில்டர், இரண்டு பேரிடமும் லஞ்சம் வாங்கும் முனிசிபல் கமிஷனர் டிமெல்லோவாக சதீஷ் ஷா. பாதிப் படத்திலேயே டிமெல்லோவைக் கொன்றுவிடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் அவருடைய நடிப்பே ஆரம்பிக்கிறது. பிணமாக! குடித்துவிட்டு வரும் ஓம் புரி, டிமெல்லோ கிடக்கும் சவப்பெட்டியை ரிப்பேராகி நிற்கும் கார் என்று நினைத்துப் பேசுவதும், உதவி செய்கிறேன் என்று அதைத் தன் காரில் கட்டி இழுத்துப் போவதும் எத்தனை தடவை பார்த்தாலும் வயிறு வலிக்கிறது. சதீஷ் ஷாவின் முகத்தில் ஒரு தசை அசைய வேண்டுமே!

அப்புறம் அந்த மகாபாரத நாடகம். பிணத்துக்குப் புடவை சுற்றி மேடையில் திரௌபதியாக நிற்க வைத்தாயிற்று. அதைக் கைப்பற்ற ஒவ்வொருவரும் கிடைத்த வேடத்தைப் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார்கள். ஓம் புரி கறுப்புக் கண்ணாடியோடு பீமனாக வந்து, திரௌபதியில் நாங்கள் எல்லோருமே பங்குதாரர்கள் என்கிறார். துரியோதனனான நசீரோ துகிலுரியும் யோசனையையே கைவிட்டுவிட்டேன் என்று அறிவிக்கிறார். நடுவில் கண் தெரியாத திருதராஷ்டிரன் என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், யாரும் பதில் சொல்வதில்லை. இந்தக் காட்சியைச் சும்மா கலாட்டா என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். மேடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்தப் பிணம் உயிர்போகிற அவசரம்: இரண்டு பேருக்கு அது கொலைக்கான சாட்சி, மற்றவர்களுக்கு அது மறைக்க வேண்டிய குற்றம். அந்த அவசரம் பொய்யாக இருந்திருந்தால் பத்து நிமிடம் அந்தக் குழப்பத்தை உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது.

படம் முடிகிற விதத்தை எழுதவே கை வரவில்லை. படத்தில் ஒரு மேம்பாலம் இடிந்து விழுகிறது, அதற்குக் காரணமானவர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒன்றாகிவிடுகிறார்கள், பழி விழுந்த இந்த இரண்டு பையன்களும் கைதி உடுப்பில் பம்பாய்த் தெருவில் நடந்து வந்து, கழுத்து அறுபட்டதாக நம்மைப் பார்த்துச் சைகை காட்டுகிறார்கள். பின்னணியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்'. இரண்டு மணி நேரம் சிரித்த சிரிப்பு அப்படியே நெஞ்சில் அடைத்துக்கொள்கிறது.

2 நவம்பர், ஞாயிறு

அக்கா மகள் வந்திருந்தாள், கல்லூரியில் படிக்கிறாள், இந்தி அவளுக்குச் சுமார்தான். 'கோல்மால்' போட்டேன், 1979இல் வந்தது, ரிஷிகேஷ் முகர்ஜி. கொஞ்ச நேரத்திலேயே "மாமா, இது தில்லு முல்லு!" என்று கத்தினாள். ஆமாம், பாலசந்தர் 1981இல் ரஜினியையும் தேங்காய் சீனிவாசனையும் வைத்து எடுத்தது இதைத்தான். நம் ஊரில் பல பேர் மூலத்தைப் பார்த்ததே இல்லை. தேங்காய் சீனிவாசன் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு முழுசாகத் தன்னுடையதாக்கிக்கொண்டார், தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

உத்பல் தத்தைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். வங்காள நாடக மேடையில் ஷேக்ஸ்பியரும் அரசியல் நாடகமும் போட்ட மனிதர், நாடகத்துக்காக ஜெயிலுக்கே போனவர், இங்கே மீசை இல்லாதவனுக்குக் குணமே கிடையாது என்று நம்பும் முதலாளி பவானி சங்கர். அந்த நம்பிக்கையில் ஒரு பொட்டு விளையாட்டு இல்லை. அமோல் பாலேகருக்கும் வேறு வழியில்லை, வேலை வேண்டும். ஹாக்கி மேட்சில் மாட்டிக்கொண்டதும் மீசையில்லாத தம்பி ஒருவனைச் சிருஷ்டிக்கிறான், தம்பிக்குப் பிறகு அம்மா தேவைப்படுகிறாள், அம்மாவுக்குப் பிறகு அம்மாவுக்கும் ஒரு இரட்டை. தேவையில்லாமல் சொன்ன பொய் ஒன்றுகூடக் கிடையாது. முகர்ஜி பிமல் ராயிடம் எடிட்டராக இருந்தவர், 'தோ பிகா ஜமீன்' அவர் வெட்டியது, அந்தக் கை இதில் தெரிகிறது.

"யாருமே காமெடி பண்ற மாதிரி தெரியலையே மாமா" என்றாள் படம் முடிந்ததும். நானும் இத்தனை வருடமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய் அம்மா தீனா பாட்டக்கின் மகள் ரத்னா பாட்டக் ஷாதான், பிற்காலத்தில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் சதீஷ் ஷாவுக்கு மனைவி என்று சொன்னதும் உடனே அதையும் தேட ஆரம்பித்துவிட்டாள்.

9 நவம்பர், ஞாயிறு

'படோசன்', 1968. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. 'ஏக் சதுர் நார்' பாட்டில் கிஷோர் குமாரும் மன்னா தேயும் மோதுவதற்கு நிகராக இந்தி சினிமாவில் வேறொன்று இல்லை. ஆனால் மெஹ்மூத் போட்ட மதராசி பாட்டு வாத்தியார், குடுமியும் அந்த இந்தியும், தமிழனாக உட்கார்ந்து பார்க்கும்போது உறுத்துகிறது. அடுத்து வந்த பல இந்திப் படங்களில் தெற்கத்தி ஆள் என்றாலே அந்த அச்சில்தான் வார்த்தார்கள். மெஹ்மூத் நல்ல நடிகர், வாத்தியாரின் காதலையும் சங்கீத கர்வத்தையும் மனசோடு செய்திருக்கிறார், அதனால் வருத்தம் கூடத்தான் செய்கிறது.

இதே கதை 1960இலேயே 'அடுத்த வீட்டுப் பெண்' என்று தமிழில் வந்துவிட்டது. சீர்காழியும் திருச்சி லோகநாதனும் பாடிய 'கண்களும் கவி பாடுதே' அதில்தான். இரண்டுக்கும் மூலம் ஒரு வங்காளப் படம்.

25 நவம்பர், செவ்வாய்

நேற்று தர்மேந்திரா. இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் 90 முடிந்திருக்கும்.

மறுபடியும் 'சுப்கே சுப்கே'தான் பார்த்தேன், இந்தத் தடவை அவருக்காக மட்டும். தாவரவியல் பேராசிரியர், மனைவியின் அத்தானை ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று டிரைவராக வேலைக்குச் சேர்கிறார். ஓம் பிரகாஷ் வீட்டில் சுத்த இந்திதான் பேச வேண்டும் என்று சொல்லப்போக, இந்த டிரைவர் அதைச் சிரமேற்கொண்டு பேசுகிற பேச்சில் முதலாளிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தர்மேந்திரா குனிந்த தலை, கட்டிய கை, அப்பழுக்கில்லாத பணிவு. எதிராளியைத் தூக்கி எறியும் அந்தப் பெரிய உடம்பை எப்படி இவ்வளவு சின்னதாக ஒடுக்கிக்கொண்டார்! 'ஷோலே'யில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ரகளை செய்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், என்னைக் கேட்டால் இந்த டிரைவர்தான் அவர் செய்ததிலேயே கஷ்டமான வேடம். இவருக்கு ஒரு பெரிய நடிப்பு விருதுகூடத் தராமல் விட்டது அநியாயம்.

30 நவம்பர், ஞாயிறு

அக்கா மகள் போன் செய்தாள், 'ஹேரா பேரி' பார்த்தாளாம். நம் 'அரங்கேற்ற வேளை'யும் அதுவும் ஒன்றுதான், இரண்டுக்கும் மூலம் மலையாளத்து 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்' என்று சொன்னேன். பரேஷ் ராவலின் பாபுராவும் அவர் வீட்டில் குடியிருப்பவர்களும் காசுக்கு அல்லாடுவது இன்றைக்கு அவளுடைய விடுதிப் பையன்களுக்கும் பொருந்துகிறதாம். அடுத்த வாரம் 'அங்கூர்' பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 1982, குல்சார், சஞ்சீவ் குமாருக்கும் தேவேன் வர்மாவுக்கும் ஆளுக்கு இரண்டு வேடம். ஷேக்ஸ்பியர் கதை என்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.