பைக்கில் ஊதினால் லாரியும் நிற்கும்

எங்கள் லாரி செட்டில் ஹெவி ஓட்டுகிற அண்ணன் ஒருவர். கப்பலூரிலிருந்து தூத்துக்குடி ஹார்பருக்கு கண்டெய்னர் ஏற்றிப் போவார். ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டால் டீயைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அவருடைய லைசென்ஸ்தான் இப்போது சஸ்பெண்டில் இருக்கிறது.

மாட்டியது லாரியில் இல்லை, பைக்கில். ஊரில் ஒரு காதுகுத்து. கிடாவெட்டு முடிந்து திருமங்கலம் பக்கம் வந்தவரை நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் செட்டுக்கு வந்து, "தம்பி, பத்தாயிரம் வருமாம். சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்கங்க" என்றார். அவருக்குப் பணம்தான் கவலை.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால், குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 2,000 ரூபாய். அந்தக் காலத்து நினைப்பிலேயே பல டிரைவர்கள் இருக்கிறார்கள்: கட்டினோமா, போனோமா என்று. இப்போது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் போதும். மொபெட்டுக்கும் லாரிக்கும் ஒரே அளவுதான்.

"பைக்குல ஊதினதுக்கு ஹெவியை எதுக்குத் தம்பி புடுங்குறாங்க?"

பைக்குக்கும் ஹெவிக்கும் லைசென்ஸ் கார்டு ஒன்றுதானே அண்ணே. போலீஸ் அதை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால் முதல் தடவை மூன்று மாதம், அடுத்த தடவை ரத்து. கோர்ட்டில் தண்டனை ஆகிவிட்டால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆபீஸ் வேலை பார்க்கிறவர் ஆறு மாதம் பஸ்ஸில் போய்க்கொள்வார். டிரைவர் என்ன செய்வார்? சம்பளத்தைவிட பேட்டாவில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. வண்டி ஏறினால்தான் பேட்டா.

"நைட் லோடா குடுங்க, எவன் பாக்கப் போறான்" என்று பக்கத்துச் செட்டு ஆள் ஒருத்தர் யோசனை சொன்னார். நல்ல யோசனை! தடை இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் அதற்குத் தனியாகக் கேஸ். அதைவிடப் பெரிய பயம் எனக்கு விபத்துதான். லைசென்ஸ் செல்லாத ஆள் ஓட்டி யார்மேலாவது ஏற்றிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை ஓனரிடம் வசூலிக்கக் கோர்ட்டே வழிவிடும். என் வண்டிக்கான சேதத்துக்கும் க்ளைம் கிடைக்காது. வண்டிக்கு டியூவே இன்னும் முடியவில்லை.

அதனால் அண்ணன் இப்போது செட்டிலேயே இருக்கிறார். கிரீஸ் அடிக்கிறார், டயர் மாற்றுகிறார், தார்ப்பாய் தைக்கிறார். அவர் வண்டியில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன் ஓடுகிறான். அவன் கியர் போடுகிற சத்தம் கேட்டாலே இவருக்கு முகம் சுளிக்கிறது, எனக்கும்தான்.

தடைக்காலம் முடிந்தாலும் கார்டு தானாகக் கைக்கு வராது, ரிஃப்ரெஷர் என்கிற மறுபயிற்சி வகுப்பை முடிக்கணும் என்று சட்டம் சொல்வதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நோட்டு, பேனா கொண்டு போகணுமா தம்பி?" என்று கேட்டார்.