ஐடி துறையைச் சம்மதிக்க வைத்து வார்டுக்கு நல்ல பிரௌசர் வாங்கிய அனுபவம்

காரைக்குடி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நூலகராக இருக்கிறேன். டிஎன்பி என்ற மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் இருப்பதால் எங்களிடம் நூலகம் உண்டு, ஆனால் அவர்கள் தேடுகிற விஷயங்களில் பெரும்பாலானவை இப்போது அலமாரியில் இல்லை, மருத்துவக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் தளத்திலும் ஜர்னல் இணையதளங்களிலும்தான் இருக்கின்றன. 2021 கடைசியில் எங்கள் வார்டு கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 மட்டும்தான் இருந்தது. 2013-இல் வந்த பிரௌசர். வேறு எதையும் போட யாருக்கும் அனுமதி இல்லை. இதே நிலைமையில் இருக்கிற மற்ற நூலகர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் வர ஆரம்பித்துவிடும். கண்மாய்க்கரைப் புதரிலும் கருவைக் காட்டிலும் விறகு பொறுக்கப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று வருவார்கள். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பது இதைத்தான். அந்த வருஷம் ஒரு கர்ப்பிணி காய்ச்சலோடு சேர்ந்திருந்தார், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து அஸித்ரோமைசின் என்ற இன்னொன்றைக் கொடுப்பதென்றால் எவ்வளவு, எத்தனை நாள் என்று டியூட்டி டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். பப்மெட் பக்கம் பாதி வந்து நின்றது. இடது பக்கம் ‘ரிவ்யூ’ என்ற கட்டத்தை டிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை, கட்டுரையைத் திறந்தால் அட்டவணை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. கடைசியில் அவர் தன் போனை எடுத்து, அந்தச் சின்னத் திரையில் டோஸ் அட்டவணையை விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கிப் படித்தார். மருந்தளவில் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டால் என்ன ஆவது? அதோடு, நாங்கள் சந்தா கட்டுகிற ஜர்னல்கள் மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தால்தான் திறக்கும், சொந்த போன் டேட்டாவில் திறக்காது. பணம் கட்டி வாங்கிய கட்டுரை வேண்டிய நேரத்தில் கைக்கு வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐடி மேலாளரிடம் போனேன். “மேடம், பில்லிங்கும் லேபும் எக்ஸ்புளோரரில்தான் ஓடுது. வேற பிரௌசர் போட்டு ஏதாவது நின்னுபோச்சுன்னா ராத்திரி போன் எனக்குத்தான் வரும்” என்றார். நியாயமான பயம். அவர் எதிரி இல்லை, ராத்திரி பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர். நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு, நல்லதா ஒண்ணு போட்டுக் கொடுங்க’ என்று கேட்டால் எந்த ஐடி துறையும் அசையாது.

அதனால் நூலகத்தில் ஒரு பதிவேடு போட்டேன். எந்த வார்டு, எந்த மெஷின், எந்தப் பக்கம், என்ன வேலை செய்யவில்லை, டாக்டர் அப்புறம் என்ன செய்தார், இவ்வளவுதான். முடிந்தபோதெல்லாம் திரையைப் படம் எடுத்து ஒட்டினேன். இன்னொரு பக்கம், பில்லிங் கவுண்டர், லேப், எக்ஸ்ரே என்று நடந்து, அங்கே வேலை பார்க்கிறவர்கள் உண்மையிலேயே எக்ஸ்புளோரரில் எதைத் திறக்கிறார்கள் என்று கேட்டேன். ஐடியில் தேவகோட்டைத் தம்பி ஒருவர் இருந்தார், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவர் டீ நேரத்தில் தன் மெஷினில் ஒவ்வொன்றாக வேறு பிரௌசரில் திறந்து பார்த்தார். பில்லிங் உட்பட எல்லாம் ஓடியது. எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடுகிற ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய துணை நிரல் இல்லாமல் ஓடாதவை இரண்டே இரண்டு: பழைய லேப் ரிப்போர்ட் பக்கம், எக்ஸ்ரே படம் பார்க்கிற பக்கம்.

அங்கேதான் பேச்சு திசை மாறியது. எக்ஸ்புளோரரைத் தூக்குங்கள் என்று நான் கேட்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் புது பிரௌசரான எட்ஜில் ஐஇ மோட், அதாவது எக்ஸ்புளோரர் முறை என்று ஒன்று இருக்கிறது, எந்தெந்தப் பக்கம் பழைய முறையில் திறக்க வேண்டும் என்று ஐடி ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் அவை மட்டும் அப்படித் திறக்கும், மற்றதெல்லாம் புது முறையில். அதற்கு 2029 வரையாவது ஆதரவு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. பழைய விண்டோஸ் 7 ஓடுகிற சில மெஷின்களுக்கு ஃபயர்பாக்ஸ் பிரௌசரின் ஈஎஸ்ஆர் பதிப்பை, அதாவது நிறுவனங்களுக்கான பதிப்பைக் கேட்டேன். அதில் பெரிய மாற்றம் ஏறத்தாழ வருஷத்துக்கு ஒரு முறைதான், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஆட்‑ஆன், பாஸ்வேர்ட் சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே கொள்கைக் கோப்பில் பூட்டிவிடலாம். பூட்டு அவர் கையிலேயே இருக்கும் என்று தெரிந்ததும் மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆனாலும் வான்னாக்ரையை எடுத்தார். 2017 மே மாதம் இங்கிலாந்து மருத்துவமனைகளை முடக்கிய வைரஸ். அதற்கப்புறம்தான் புது மென்பொருள் எதற்கும் இடமில்லை என்று இங்கே விதி போட்டார்களாம். நான் அதைப் படித்து வைத்திருந்தேன். அந்த வைரஸ் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற பேட்ச் (திருத்தம்) மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாத மெஷின்கள்தான் மாட்டின. பழசை அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது என்றேன். கூடவே, 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு எக்ஸ்புளோரருக்கு ஆதரவு நிற்கிறது என்ற மைக்ரோசாஃப்ட் அறிவிப்பையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். அந்தத் தேதி எனக்குப் பெரிய துணை. எப்படியும் செய்ய வேண்டிய வேலை, அவசரமாகச் செய்வதற்குப் பதில் இப்போதே நிதானமாகச் செய்யலாம் என்று அவருக்கே தோன்றியது.

நிர்வாகத்தில் கையெழுத்து வாங்குவது நான் பயந்த அளவுக்கு இல்லை. டிரஸ்டி ஆச்சி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இதுக்கு என்னம்மா செலவாகும்?” பிரௌசருக்குப் பைசா கிடையாது ஆச்சி, ஐடி ஆட்களின் நேரம்தான் என்றேன். “காசு கட்டி வாங்குற ஜர்னலைத் திறக்க முடியலைன்னா அதுதான் செலவு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முதலில் நூலக மெஷின்களில், அப்புறம் மெடிசின் வார்டிலும் ஐசியூவிலும், ஜூனுக்கு முன்னால் மற்ற இடங்களில். எக்ஸ்ரே பக்கம் ஒரு நாள் தகராறு செய்தது, பட்டியலில் முகவரியைச் சரியாகச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதே வருஷம் நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேரில் மாட்டியபோது இங்கேயும் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். யுஎஸ்பி மூடப்பட்டது, பிரௌசரில் யாரும் கை வைக்கவில்லை. அதுதான் இருப்பதிலேயே அப்டேட் ஆகிற மென்பொருள் என்று மேலாளரே கூட்டத்தில் சொன்னார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2023 மார்ச்சில் வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்று நடத்திய உண்ணிக் காய்ச்சல் ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. நோய் கடுமையாக இருந்தால் டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று காட்டிய ஆய்வு. மெடிசின் வார்டு கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்து, அட்டவணையை முழுசாகப் பார்த்து, டாக்டர்கள் அங்கேயே விவாதித்தார்கள்.

ஓபி அறைகளில் இன்னும் சில விண்டோஸ் 7 மெஷின்கள் இருக்கின்றன. ஃபயர்பாக்ஸ் 115-தான் அவற்றுக்குக் கடைசி, இனி பிரௌசரை மாற்றிப் பயனில்லை, மெஷினையே மாற்ற வேண்டும். அந்தக் கோரிக்கையை இந்த முறை நானும் ஐடி மேலாளரும் சேர்ந்தே எழுதி ஆச்சியிடம் கொடுத்திருக்கிறோம்.